க்ரூஸ் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் வரலாற்றைத் தேடி அறிவது எப்படி

பாரிஸிலிருந்து லிமோஜ் வழியாகத் துலூஸ் செல்லும் இரயில் பாதையில், லிமோஜுக்குச் சற்று முன்னால் லா சூத்தெரேன் என்னும் சிறிய நிலையம் வருகிறது. பிரான்சின் நடுப்பகுதியிலுள்ள க்ரூஸ் மாவட்டத்துக்குள் இரயிலில் நுழைவோருக்கு அதுவே வாயில். புரட்சிக் காலத்தில், 1790இல், பழைய மார்ஷ் மாநிலத்தின் பெரும்பகுதியைக் கொண்டு இம்மாவட்டம் அமைக்கப்பட்டது. கெரே இதன் தலைநகர். 1851ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இங்கே ஏறத்தாழ 2,87,000 பேர் வாழ்ந்தனர். இன்று சுமார் 1,15,000 பேரே வாழ்கின்றனர். இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொண்டு ஊருக்குள் நுழைவது நல்லது, ஏனெனில் க்ரூஸின் எந்தச் சிற்றூரை எடுத்துக்கொண்டாலும் அதன் வரலாற்றில் பாதி, ஊரைவிட்டுப் போனவர்களின் வரலாறாகவே இருக்கும்.

கோட்டைகளையும் மாளிகைகளையும் காட்டும் சுற்றுலா நூல்கள் இதைப் போதிய அளவு சொல்வதில்லை. ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்து, அதன் தெருக்களையும் கல்லறைகளையும் பதிவேடுகளையும் தாமாகவே படித்தறிய விரும்புவோருக்காக இக்குறிப்புகள் எழுதப்பட்டுள்ளன. பிரெஞ்சு மொழியை ஓரளவு படிக்கத் தெரிந்தால் போதும். பழைய கையெழுத்தைப் படிக்கும் பழக்கம் வேலையின் ஊடே வந்துவிடும்.

ஓர் ஊரை மட்டும் எடுத்துக்கொள்வது

முதல் விதி, மாவட்டம் முழுவதையும் பார்க்க முயலக்கூடாது என்பதே. க்ரூஸில் 250க்கும் மேற்பட்ட கொம்யூன்கள், அதாவது ஊராட்சிகள், உள்ளன. ஒவ்வொரு கொம்யூனும் தேவாலயத்தைச் சுற்றியமைந்த ஒரு நடுவூரையும், அதைச் சுற்றிச் சிதறிக்கிடக்கும் பல குக்கிராமங்களையும் கொண்டது. பதிவேடுகளில் ஒருவரது ஊராகக் குறிக்கப்படுவது பெரும்பாலும் இந்தக் குக்கிராமத்தின் பெயரே. எனவே கொம்யூனின் பெயரை மட்டும் அறிந்துகொண்டு தேடத் தொடங்குபவர் விரைவில் திகைத்துப்போவார். தேர்ந்தெடுத்த கொம்யூனின் எல்லைக்குட்பட்ட குக்கிராமங்கள் அனைத்தின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டால், பின்னர் பதிவேட்டின் மங்கிய எழுத்துகளில் பாதிப் பெயர் தெரிந்தாலே மீதியை ஊகித்துவிடலாம்.

அந்தப் பெயர்களே ஒரு தொடக்கநிலை ஆவணமாகும். ‘மூத்தியே’ என்று தொடங்கும் ஊர், ஒரு காலத்தில் துறவிமடம் இருந்த இடம். ‘மாஸ்’ என்று தொடங்குவது பழைய குடியிருப்பு நிலத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ‘ஷே’ என்ற சொல்லோடு ஒரு குடும்பப் பெயர் சேர்ந்து வந்தால், அக்குடும்பத்தார் வாழ்ந்த வீட்டைச் சுற்றி வளர்ந்த குக்கிராமம் அது என்று கொள்ளலாம். ‘-அக்’ என்று முடியும் பெயர்கள் பொதுவாக ரோமானிய ஆட்சிக்காலப் பண்ணைகளை நினைவூட்டுவன. பூர்கனெஃப் என்பதன் பொருள் ‘புதிய ஊர்’. இடைக்காலத்தில் புதிதாகத் தோன்றிய அந்த ஊர் இன்றும் அப்பெயரையே சுமந்து நிற்கிறது. ஆயினும் பெயர் விளக்கங்களில் எச்சரிக்கை வேண்டும். மாவட்டத்தின் தெற்கிலுள்ள மில்வாஷ் மேட்டுநிலத்தின் பெயரை இன்றைய பிரெஞ்சில் படித்தால் ‘ஆயிரம் பசுக்கள்’ என்று பொருள்படும். ஆயிரம் ஊற்றுகள் என்று சொல்வாரும் உளர். இவ்வூர்கள் பெயர் பெற்ற காலத்தில் மக்கள் பேசியது இன்றைய பிரெஞ்சு அன்று. தெற்கே ஒக்சித்தான் மொழியின் வட்டார வழக்குகளும், வடக்கே அதற்கும் பிரெஞ்சுக்கும் இடைப்பட்ட வழக்குகளும் வழங்கின. பிரெஞ்சுக் காதுக்குப் பழகிய ஒலியை வைத்து யாரோ பின்னர் கட்டிய கதைகள் ஏராளம்.

புறப்படும் முன் பார்க்க வேண்டிய வரைபடங்கள்

வீட்டிலிருந்தபடியே மூன்று வரைபடங்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வரையப்பட்ட கசினி வரைபடம் தேவாலயங்கள், ஆலைகள், முக்கியக் குக்கிராமங்கள் ஆகியவற்றைக் காட்டும். 19ஆம் நூற்றாண்டின் இராணுவ வரைபடம் பாதைகளையும் மேடுபள்ளங்களையும் தெளிவாகக் காட்டும். மூன்றாவதான நெப்போலியன் காலப் புல வரைபடமே இவற்றுள் முதன்மையானது. 1807ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிலவரி விதிப்பதற்காக நாடெங்கும் வயல் வயலாக அளந்து வரையப்பட்ட இது, ஒவ்வொரு கொம்யூனையும் எழுத்துக் குறியிட்ட பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும், ஒவ்வொரு வீட்டுக்கும் எண் கொடுத்துள்ளது. வரைபடத்தோடு இணைந்த பதிவேட்டில் அந்தப் புல எண்ணைத் தேடினால், அதன் உரிமையாளர் பெயர், தொழில், அது வீடா தோட்டமா புல்வெளியா காடா என்ற வகை, வரி மதிப்பு ஆகியவை கிடைக்கும். இன்று இடிந்து புதர் மண்டிக் கிடக்கும் ஒரு சுவருக்குரிய குடும்பத்தின் பெயரைக் கண்டறிய இதைவிட நேரான வழி இல்லை. மாவட்ட ஆவணக் காப்பகங்கள் இவ்வரைபடங்களை எண்ணிமப் படங்களாக இணையத்தில் வைத்துள்ளன.

இவற்றோடு, பிரெஞ்சு தேசியப் புவியியல் நிறுவனம் வெளியிட்டுள்ள 1950களின் வான்வழிப் படங்களையும் இன்றைய படங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயன்தரும். மில்வாஷ் மேட்டில் அன்று ஆடு மேய்ந்த திறந்த புதர்வெளியாகத் தெரியும் இடம், இன்று நேர்வரிசையாக நடப்பட்ட ஊசியிலைக் காடாக மாறியிருப்பதைக் காணலாம். மேய்ப்பதற்கு ஆளில்லாத நிலத்தில் மரம் நடப்பட்டது. 1950இல் அணைக்குப் பின் நீர் நிரப்பப்பட்ட வாஸிவியேர் ஏரி, ஏறத்தாழ 1,000 ஹெக்டேர் பரப்பை மூடிக் கிடக்கிறது. ஏரிக்கு முந்திய வரைபடத்தை அதன்மேல் பொருத்திப் பார்ப்பவருக்கு அடியில் மறைந்த பாதைகளும் புல்வெளிகளும் கண்ணில் படும்.

ஊருக்குள் முதல் நாள்

ஊரை அடைந்ததும் தேவாலயத்துக்குள் ஓடாமல், முதலில் போர் நினைவுச்சின்னத்தின் முன் நிற்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்குக் காரணம் உண்டு. தேவாலயம் பல நூற்றாண்டுகளில் பலர் கைபட்டது. அதன் கற்களைப் படிக்கத் தனிப் பயிற்சி வேண்டும். நினைவுச்சின்னமோ 1919க்குப் பின் வந்த சில ஆண்டுகளுக்குள், ஊராட்சி மன்றம் கூடி விவாதித்து, ஊரார் பணமும் அரசு மானியமும் சேர்த்து எழுப்பியது. எனவே அந்த ஊர் தன்னைப் பற்றி என்ன நினைத்தது என்பதை அது நேரடியாகச் சொல்லும். சேவல் நிற்கிறதா, வெற்றிமாலை ஏந்திய வீரன் நிற்கிறானா, துயருற்ற தாய் நிற்கிறாளா, எழுத்துகள் மட்டும் உள்ளனவா, சிலுவை உண்டா, இல்லையா என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு பெயர்களை முழுமையாகப் படியெடுக்க வேண்டும். ஒரே குடும்பப் பெயர் எத்தனை முறை வருகிறது என்பதையும் எண்ண வேண்டும்.

இவ்வகையில் க்ரூஸ் தரும் சான்று பிரான்சில் வேறெங்கும் எளிதில் கிடைக்காதது. ஜான்ஸியூ ஊரின் நினைவுச்சின்னத்தில் போர்வீரனே இல்லை. பள்ளிச் சீருடை அணிந்த அநாதைச் சிறுவன் ஒருவன், ஒரு கையில் தொப்பியை வைத்துக்கொண்டு, மறு கையை முட்டியாக மடக்கி நீட்டி, ‘போர் சபிக்கப்படுவதாக’ என்ற பொருள்படும் வாசகத்தைக் காட்டி நிற்கிறான். போரிலிருந்து திரும்பிய ஊராட்சித் தலைவர் ஜூல் கூத்தோவின் காலத்தில், 1922இல், இது எழுப்பப்பட்டது. அரசு அதிகாரிகள் இதை முகம்சுளித்தே பார்த்தனர். இன்றும், முதல் உலகப் போர் ஓய்ந்த நாளான நவம்பர் 11 அன்று, போர் எதிர்ப்பாளர்கள் இங்கே கூடுகின்றனர்.

ஆனால் நினைவுச்சின்னத்தில் உள்ள பெயர்களைவிட, இல்லாத பெயர் சில வேளைகளில் அதிகம் பேசும். ஜான்ஸியூவுக்கு அருகிலுள்ள ர்வாயேர்-த-வாஸிவியேர் ஊரைச் சேர்ந்த ஃபெலிக்ஸ் போதி ஒரு கொத்தனார், தொழிற்சங்கத்தவர். 1915 ஏப்ரலில் ஃப்ளிரே என்ற இடத்தில் அவருடைய படைப்பிரிவு மீண்டும் ஒரு தாக்குதலுக்குக் கிளம்ப மறுத்தபோது, மற்றவர்களுக்குப் பாடமாகும் பொருட்டு நால்வரைப் பொறுக்கியெடுத்துச் சுட்டுக் கொன்றனர். அந்நால்வரில் போதியும் ஒருவர். 1934இல்தான் அவர்கள்மீதிருந்த பழி சட்டப்படி நீக்கப்பட்டது. போரையும் அதன் கொலையாளிகளையும் சபித்து, போதி கோழையல்லர், தியாகி என்று அறிவிக்கும் பலகை ர்வாயேர் கல்லறைத் தோட்டத்தில் உள்ளது. ஆகவே நினைவுச்சின்னத்தைப் பார்த்தவுடன் கல்லறைத் தோட்டத்துக்கும் செல்ல வேண்டும். பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் இணையதளத்தில், முதல் உலகப் போரில் ‘பிரான்சுக்காக உயிர்நீத்தார்’ என்று அறிவிக்கப்பட்ட 13 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் அட்டைகள் பெயர்வாரியாகத் தேடக் கிடைக்கின்றன. கல்லிலுள்ள பெயர்களை அவற்றோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டால், பிறந்த ஊர், படைப்பிரிவு, இறந்த நாள், இறந்த விதம் ஆகியவை தெரியும். அந்த ஊரிலேயே பிறந்தவர் வேறு ஊரின் கல்லில் இடம்பெற்றிருப்பதும் உண்டு. அவர் எங்கே போய்க் குடியேறினார் என்ற கேள்வி அப்போது எழும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது, ஊராட்சி அலுவலகமாகிய மெய்ரி. பல ஊர்களில் நடுவில் மெய்ரியும், இருபுறமும் ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்குமான தனித்தனி வகுப்பறைகளும் கொண்ட ஒரே கட்டடமாக இருப்பதைக் காணலாம். 1881, 1882ஆம் ஆண்டுகளின் ஜூல் ஃபெரி சட்டங்கள் கல்வியை இலவசமாகவும், கட்டாயமாகவும், சமயச் சார்பற்றதாகவும் ஆக்கிய காலத்தின் கட்டட வடிவம் அது. எத்தனை சன்னல்கள், எத்தனை வகுப்பறைகள் என்று எண்ணிப் பார்த்து, இன்று பள்ளி நடக்கிறதா என்று கேட்டால், 1851இன் எண்ணுக்கும் இன்றைய எண்ணுக்கும் இடைப்பட்ட தூரம் கண்முன் நிற்கும்.

வீடுகளில் வாசலின் மேற்கல்லைப் பார்க்க வேண்டும். ஆண்டும், சில வேளைகளில் உரிமையாளரின் பெயரெழுத்துகளும், கொத்தனாரின் கரண்டியோ சுத்தியோ பொறித்த சின்னமும் அதில் இருக்கும். சுற்றுச்சுவர் ஒழுங்கற்ற கல்லாலும், மூலைகளும் நிலைகளும் நன்கு கொத்திய கருங்கல்லாலும் அமைந்த, 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியைச் சேர்ந்த வீட்டைக் கண்டால், அது பாரிஸிலோ லியோனிலோ சம்பாதித்த பணத்தில் எழுந்ததா என்று விசாரிக்க வேண்டும். பெரும்பாலும் ஆம் என்றே விடை வரும். ஃப்ரான்ஸேஷ் கொம்யூனிலுள்ள மாகோ என்ற குக்கிராமத்தில் ஃப்ரான்ஸ்வா மிஷோ என்ற கல்தச்சர், 19ஆம் நூற்றாண்டில், தம் வீட்டுச் சுவர்களையும் தோட்டத்தையும் தாமே செதுக்கிய கருங்கல் உருவங்களால் நிரப்பினார். யாருடைய கட்டளைக்காகவும் செய்யப்படாத அந்தச் சிற்பங்களுக்காகவே ஒரு நாளை ஒதுக்கலாம்.

பதிவேடுகளைப் படிக்கும் முறை

இவ்வளவும் பார்த்த பின்னரே பதிவேடுகளைத் திறக்க வேண்டும். பெயர்களும் இடங்களும் கண்ணில் பதிந்த பிறகு படிக்கும்போதுதான் அவை உயிர்பெறும்.

1792 செப்டம்பரில் வந்த சட்டத்துக்குப் பின் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை மெய்ரி பதிவு செய்கிறது. அதற்கு முன்னர் அப்பணியைச் செய்தவர் பங்குக் குரு. இரு காலத்திலும் இரண்டிரண்டு படிகள் எழுதப்பட்டன. எனவே மெய்ரியில் ஒன்று அழிந்திருந்தாலும் கெரேயிலுள்ள மாவட்ட ஆவணக் காப்பகத்தில் மற்றொன்று இருக்கலாம். பிறப்பு, திருமணப் பதிவுகள் 75 ஆண்டுகளுக்குப் பின்னரும், இறப்புப் பதிவுகள் 25 ஆண்டுகளுக்குப் பின்னரும் எவரும் பார்க்கத்தக்கவை. புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் பிரெஞ்சு ஆட்சிக் காலப் பதிவுகளைக் கண்டவர்களுக்கு இவற்றின் வாசக அமைப்பு பழகியதாகவே தோன்றும்.

நேராகப் பதிவேட்டுக்குள் புகாமல், பத்தாண்டுகளுக்கு ஒருமுறை அகரவரிசையில் தொகுக்கப்பட்ட பெயர்ப்பட்டியலிலிருந்து தொடங்க வேண்டும். அதில் பெயரும் தேதியும் கிடைக்கும். அத்தேதியைக் கொண்டு உரிய பக்கத்தைத் திருப்பலாம். முதலில் திருமணப் பதிவைத் தேடுவதே நல்லது. மணமக்களின் வயது, பிறந்த ஊர், தொழில், வசிக்கும் இடம், இரு தரப்புப் பெற்றோரின் பெயர்கள், அவர்கள் உயிரோடிருக்கிறார்களா என்பது, சாட்சிகளின் உறவுமுறை ஆகிய அனைத்தும் ஒரே பக்கத்தில் அடங்கும். இறுதியில் யார் யார் கையெழுத்திட்டனர், யாருக்குக் கையெழுத்திடத் தெரியவில்லை என்ற குறிப்பும் வரும். ஒரே ஊரின் திருமணங்களை வரிசையாகப் பார்த்துவந்தால், கையெழுத்திடத் தெரிந்தோர் தொகை ஆண்டுக்கு ஆண்டு எவ்வாறு கூடிவந்தது என்பதைப் பட்டியலிட்டுவிடலாம்.

1793 முதல் 1805 முடிய எழுதப்பட்ட பதிவுகளில் தேதிகள் புரட்சிக் காலண்டரின்படி இருக்கும். ‘ஆண்டு 7, ப்ளூவியோஸ் 12’ என்பது போன்ற குறிப்பைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை, மாற்று அட்டவணைகள் எளிதில் கிடைக்கின்றன. அக்காலத்தில் புனிதர் பெயர் கொண்ட பல ஊர்கள் தற்காலிகமாக வேறு பெயர் பூண்டன என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

க்ரூஸின் பதிவேடுகளில் நான் முதலில் கவனிக்கச் சொல்வது, திருமணங்கள் நிகழ்ந்த மாதம். 19ஆம் நூற்றாண்டின் பதிவேடு ஒன்றை எடுத்துத் தேதிகளை மட்டும் படியெடுத்தால், ஜனவரியிலும் பிப்ரவரியிலும் அவை குவிந்து கிடப்பதைக் காணலாம். காரணம், கொத்தனார்களின் பருவகாலப் பெயர்ச்சி. மண் வளமற்ற இம்மாவட்டத்திலிருந்து பல்லாயிரம் ஆண்கள், மார்ச் மாதத்தில் கூட்டங்கூட்டமாகப் பாரிஸுக்கும் லியோனுக்கும் கட்டட வேலைக்குச் சென்று, குளிர் தொடங்கி வேலை நிற்கும் காலத்தில் ஊர் திரும்பினர். ஊரில் இருக்கும் அந்தச் சில மாதங்களில்தான் பெண் பார்த்து, மணம் முடித்து, கடனைத் தீர்த்து, கூரையைச் சரிசெய்தாக வேண்டும். எஞ்சிய ஒன்பது மாதமும் நிலத்தை உழுது பயிர் செய்தவர்கள் பெண்களும் முதியோரும். அவர்களைப் பற்றிப் பதிவேடு ‘தொழில்: இல்லை’ என்றோ ‘பயிரிடுபவர்’ என்றோ ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்வதை வாசிப்பவர் திருத்திப் புரிந்துகொள்ள வேண்டும்.

இந்த வாழ்க்கையை உள்ளிருந்து எழுதியவர் மார்த்தான் நாதோ. சூப்ரெபோ கொம்யூனைச் சேர்ந்த லா மார்த்தினேஷ் குக்கிராமத்தில் 1815இல் பிறந்த அவர், 1830இல், 14 வயதில், தந்தையோடு ஓர்லேயான் வரை நடந்தே சென்று, அங்கிருந்து வண்டியேறிப் பாரிஸை அடைந்து சித்தாளாகச் சேர்ந்தார். வேலை முடிந்த இரவுகளில் தாமே பள்ளி நடத்தி உடன் வேலை செய்தவர்களுக்கு எழுத்தறிவித்தார். 1849இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1851 டிசம்பர் 2 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் நாடுகடத்தப்பட்டு இங்கிலாந்தில் வாழ்ந்தார். 1870இல் தம் சொந்த மாவட்டத்துக்கே அரசுப் பிரதிநிதியாகத் திரும்பினார். 1898இல் மறைந்தார். 1895இல் வெளிவந்த அவருடைய நினைவுக்குறிப்புகள், பதிவேட்டில் ‘கொத்தனார்’ என்ற ஒற்றைச் சொல்லாக நிற்பவர்களின் பயணம், தங்குமிடம், கூலி, சண்டை ஆகிய அனைத்தையும் விரிக்கின்றன. பாரிஸின் 20ஆம் வட்டாரத்தில் அவர் பெயரில் ஒரு சதுக்கம் உள்ளது. அதே பெயரிலிருந்த மெட்ரோ நிலையம் 1969இல் காம்பெத்தா நிலையத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது.

1856இல் இரயில் பாதை லா சூத்தெரேனைத் தொட்ட பிறகு நடைப்பயணம் முடிவுக்கு வந்தது. போவது எளிதானதும், திரும்பாமல் இருப்பதும் எளிதாயிற்று; குடும்பத்தோடு நகரில் தங்கிவிடுவோர் பெருகினர். இந்த மாற்றத்தைத் தனியொருவர் வாழ்க்கையில் காண விரும்பினால், 20 வயதை எட்டிய ஆண்களுக்காக எழுதப்பட்ட இராணுவப் பதிவேடுகளைப் பார்க்க வேண்டும். உயரம், கண்ணின் நிறம், முகத்தழும்பு, கல்வி நிலை ஆகியவற்றோடு, அவர் அடுத்தடுத்து வாழ்ந்த முகவரிகளும் அவற்றில் தேதியிட்டு எழுதப்பட்டிருக்கும். ஒரு குக்கிராமத்தில் தொடங்கும் முகவரிப் பட்டியல் பாரிஸின் ஏதோ ஒரு தெருவில் முடிந்து, பிறகு ஊருக்குத் திரும்பவே இல்லை என்பதைப் பக்கத்தின் ஓரத்திலேயே படித்துவிடலாம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்பட்ட மக்கள்தொகைப் பெயர்ப்பட்டியல்கள் வீடுவீடாக எழுதப்பட்டவை; அவற்றில் அதே குடும்பத்தைத் தொடர்ந்து பார்த்தால், ஆள் குறைந்துகொண்டே வந்து, இறுதியில் வீடே பட்டியலிலிருந்து நீங்கும் ஆண்டையும் குறித்துக்கொள்ளலாம்.

நகரங்களில் தொழிலைப் பின்தொடர்தல்

குக்கிராமங்களுக்குப் பொருந்தும் முறை ஓபுஸோன், ஃபெல்த்தான் போன்ற நகரங்களுக்கு முழுவதும் பொருந்தாது. அங்கே நிலத்தைவிடத் தொழிலைப் பின்தொடர வேண்டும். இவ்விரு ஊர்களும் சித்திரத் திரைச்சீலை நெசவுக்குப் பெயர்பெற்றவை. பாவு தரைக்கு இணையாகக் கிடக்கும் தறியில், மாதிரி ஓவியத்தைப் பாவுக்கு அடியில் வைத்து, நெசவாளர் திரையின் பின்பக்கத்தைப் பார்த்தபடி நெய்வார். தறியிலிருந்து அறுத்தெடுக்கும் நாள்வரை முன்பக்கத்தை முழுமையாகக் காண முடியாது. 1665இல் ஓபுஸோன் பட்டறைகளுக்கு அரச பட்டறை என்ற தகுதி கிடைத்தது. இருபதே ஆண்டுகளில், 1685இல், சீர்திருத்தச் சபையினருக்கு, அதாவது புரொட்டஸ்டண்ட் கிறித்தவர்களுக்கு, உரிமையளித்த நாந்த் ஆணை இரத்தாகவே, அச்சபையைச் சேர்ந்த நெசவாளர்கள் பலர் ஜெர்மானிய நாடுகளுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் தப்பிச் சென்றனர். இக்காலத்து ஓபுஸோன் குடும்பத்தைத் தேடுபவருக்கு ஓர் எச்சரிக்கை: 1685க்கும் 1787க்கும் இடையே பங்குப் பதிவேட்டில் ஒரு குடும்பம் காணப்படாவிட்டால் அது அழிந்துவிட்டதென்று முடிவு கட்டக்கூடாது. சீர்திருத்தச் சபையினருக்கு அந்த நூறாண்டுகளில் சட்டப்படியான பதிவு இல்லை. நிலப் பத்திரங்களையும், திருமண ஒப்பந்தங்களையும், பட்டறைக் கணக்குகளையும் கொண்ட, நொத்தேர் எனப்படும் பத்திரப் பதிவாளரின் ஆவணங்களில் அவர்களைத் தேட வேண்டும்.

நலிந்திருந்த இத்தொழிலுக்கு, 1939இல் ஓபுஸோன் வந்த ஓவியர் ஜான் லுர்சா புத்துயிரூட்டினார். 2009இல் யுனெஸ்கோ இக்கலையை மானுடத்தின் அருவ மரபுகளில் ஒன்றாக ஏற்றது. 2016இல் திறக்கப்பட்ட திரைச்சீலை அருங்காட்சியகத்தில் தறியில் வேலை நடப்பதைக் காணலாம்.

மற்ற ஊர்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். மூத்தியே தாஅன் மடத்துக் கோவிலின் நடுக்கூடம் சமயப் போர்களில் அழிந்து, அந்த இடம் இன்று தோட்டமாக உள்ளது. எஞ்சிய பகுதிக்குள் 1670களில் தொடங்கிச் செய்த மரச்செதுக்குகளைக் காண்பதற்கு நல்ல வெளிச்சமுள்ள நேரத்தில் செல்ல வேண்டும். க்ரோஸானில் பழைய கோட்டையின் இடிபாடுகளுக்குக் கீழே ஆறு அகன்று தேங்கி நிற்கிறது. ஆனால் 1889இல் அருகிலுள்ள ஃப்ரெஸ்லீனில் தங்கி இருபதுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் தீட்டிய க்ளோத் மோனே பார்த்தது, பாறைகளுக்கிடையே பாய்ந்த ஓடை. 1926இல் எகுஸோன் அணை வந்து கீழ்ப் பள்ளத்தாக்கை மாற்றிவிட்டது. பழைய அஞ்சலட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு அதே இடத்தில் நின்று பார்ப்பதே இவ்வூருக்கு ஏற்ற வழி. குளிர்காலத்துக் கருவாலி மரம் ஒன்றைத் தீட்டத் தொடங்கிய மோனே, வசந்தத்தில் அது தளிர்த்துவிட்டதால், பணம் கொடுத்து இலைகளைக் கொய்யச் செய்தார் என்பது அவருடைய கடிதங்களிலேயே உள்ள செய்தி.

கதைகளைச் சோதித்தல்

எந்த ஊரிலும் பதிவேடு சொல்லாத கதைகள் கிடைக்கும். அவற்றை ஒதுக்கிவிடாமல், எங்கே தொடங்கின என்று தேட வேண்டும். இதற்குப் பூர்கனெஃப் நல்ல பயிற்சிக்களம். அங்கே ‘ஸிஸிம் கோபுரம்’ என்றொரு கோபுரம் உள்ளது. ஒத்தோமான் சுல்தான் இரண்டாம் பாயஸீதின் தம்பியும் அரியணைப் போட்டியாளருமான இளவரசர் ஜெம், 1482இல் ரோட்ஸ் தீவின் மருத்துவத் துறவிப்படையிடம் அடைக்கலம் புகுந்து, பின்னர் பிரான்சுக்குக் கொண்டுவரப்பட்டு, 1486 முதல் 1488 வரை இங்கே காவலில் வைக்கப்பட்டார். அப்படையின் தலைவரான பியேர் தோபுஸோன் இப்பகுதியைச் சேர்ந்தவர். ஒவேர்ன் பகுதிக்கான அப்படையின் தலைமையிடமும் பூர்கனெஃப்தான். ஆகவே இதுவரை கதை உண்மை.

இதன்மேல் கட்டப்பட்டதே அடுத்த கதை. ‘பெண்ணும் ஒற்றைக்கொம்புக் குதிரையும்’ என்ற புகழ்பெற்ற ஆறு திரைச்சீலைகள் க்ரூஸின் வடக்கேயுள்ள பூஸாக் கோட்டையில் தொங்கிக்கொண்டிருந்தன. 1841இல் நினைவுச்சின்னங்களின் கண்காணிப்பாளரான ப்ராஸ்பேர் மெரிமே அவற்றைக் கண்டு அரசின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். அவற்றிலுள்ள கொடிகளில் பிறைகள் இருந்ததால், காவலில் இருந்த துருக்கிய இளவரசருக்கும் அவற்றுக்கும் தொடர்புண்டு என்ற கற்பனை எழுந்தது. எழுத்தாளர் ஜார்ஜ் சாந் அதைப் பரப்பினார். ஆனால் சரிந்த நீலப்பட்டையில் மூன்று வெள்ளிப் பிறைகள் என்பது லியோனைப் பூர்வீகமாகக் கொண்ட லெ விஸ்த் குடும்பத்தின் சின்னம். குடும்பச் சின்னங்களின் தொகுப்பைப் புரட்டியதுமே கதை முடிந்துபோயிற்று. 1882இல் அரசு வாங்கிய அத்திரைகள் இப்போது பாரிஸின் க்ளூனி அருங்காட்சியகத்தில் உள்ளன. ஒரு கதையின் உண்மையான மையத்தையும், பின்னர் ஒட்டியதையும் இவ்வாறு பிரித்துக் காண்பதற்கு, கோபுரத்தைப் பார்ப்பதோடு நில்லாமல் சின்னத்தையும் தேதியையும் கேட்க வேண்டும்.

அதே பூர்கனெஃப் 1886லேயே மின்விளக்கு கண்டது. 1889இல் ஜாரோ அருவியிலிருந்து 14 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவரப்பட்டது. ‘பிரான்சிலேயே முதல் ஊர்’ என்று யாரேனும் சொன்னால், எதில் முதல் என்று மரியாதையாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.

ஊராரோடு பேசுதல்

மரியாதை என்றதும் நினைவுக்கு வருவது: கடையிலோ மெய்ரியிலோ நுழைந்ததும் ‘போன்ஷூர்’ சொல்லாமல் கேள்வியைத் தொடங்கினால் அன்றைய வேலை கெட்டது என்றே கொள்ளலாம். சிற்றூர் மெய்ரிகள் வாரத்தில் சில அரைநாள்களே திறந்திருக்கும். முன்கூட்டியே எழுதி, எந்த ஆண்டின் எந்தப் பதிவு வேண்டும் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். கெரேயில் 1832இல் நிறுவப்பட்ட மாவட்ட இயற்கை அறிவியல், தொல்லியல், வரலாற்றுக் கழகத்தின் பழைய தொகுதிகளைத் தேசிய நூலகத்தின் எண்ணிம நூலகத்தில் படிக்கலாம். தேர்ந்தெடுத்த ஊரைப் பற்றி யாரேனும் முன்பே எழுதியிருந்தால், அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்குவது நேரத்தை மிச்சப்படுத்தும். இரயில் நிலையத்துக்கு அப்பால் பேருந்துகள் அரிதென்பதால், கார் இல்லாமல் குக்கிராமங்களை அடைவது கடினம்.

பயணத்துக்கு ஏற்ற காலம் கோடை என்பது சுற்றுலாவுக்குப் பொருந்தும். இந்த வேலைக்கு நவம்பர் தொடக்கமே சிறந்தது. புனிதர் அனைவரின் திருநாளான நவம்பர் 1 அன்று, நகரங்களில் குடியேறிய குடும்பங்கள் சாமந்திப்பூத் தொட்டிகளோடு கல்லறைகளுக்கு வருகின்றன; ஆண்டு முழுதும் பூட்டிக்கிடக்கும் வீடுகளின் சன்னல்கள் அந்நாளில் திறக்கின்றன. பெயர்ப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்தின் வாயிலருகே நிற்பவர், தாம் பதிவேட்டில் தேடிய குடும்பத்தின் இன்றைய தலைமுறையை அங்கேயே சந்திக்கக்கூடும். பத்து நாள் கழித்து, 11ஆம் தேதி காலையில், நினைவுச்சின்னத்தின் முன் பெயர்கள் ஒவ்வொன்றாக உரக்கப் படிக்கப்படும். குக்கிராமத்தின் பெயரையும் குடும்பப் பெயரையும் ஊரார் எப்படி உச்சரிக்கின்றனர் என்று அப்போது கேட்டு எழுதிக்கொள்ளலாம்.